சாத்திய கதவுகளின் ஞாயிறு

ஊதி அணைத்த மெழுகுதிரியிலிருந்து எழும் புகைக்கு, எரிகிற திரிக்கு இல்லாத ஒரு மணம் உண்டு, கொஞ்சம் கொழுப்பும் கொஞ்சம் கரியுமாய், மூக்கில் ஏறினால் இறங்க நேரமெடுக்கிற மணம். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் செவ்வாய்க்கிழமைகளில் அது தெருவரைக்கும் வந்து நிற்கும், சைவக்காரரும் சிங்கள ஆட்களும் இடைக்கிடை முஸ்லிம் பெண்களும்கூட வரிசையில் நின்று திரி கொளுத்துவார்கள், தட்டில் இடம் போதாமல், பாதி எரிந்தவற்றைப் பிடுங்கி வாளியில் போட ஒருவர் நின்றுகொண்டே இருப்பார். இப்போது எங்கள் பக்கத்துச் சிறிய கோயிலொன்றில் மின்திரி வைத்திருக்கிறார்கள், காசைப் போட்டு ஒரு பொத்தானை அமுக்கினால் மஞ்சளாக ஒரு குமிழ் எரிகிறது, கரி பிடிக்காது, சுவர் கெடாது, தீப்பிடிக்கும் என்ற பயமும் இல்லை. வாசலில் பை சோதிக்கிற பெடியன் கைபேசியிலிருந்து கண்ணெடுக்காமல் போகச் சொல்லிக் கையசைக்கிறான். எல்லாம் வசதியாகத்தான் இருக்கிறது, ஆனால் அங்கே நின்று கும்பிடும்போது கும்பிட்டு முடித்த மாதிரியே இருப்பதில்லை, எதையோ அணைக்காமல் வந்துவிட்டோம் என்று தோன்றிக்கொண்டே இருக்கும்.

அந்த மணம் என்னைக் கொண்டுபோய் விடுகிற இடம் யாழ்ப்பாணத்துக் குருநகர், அம்மம்மாவின் வீடு, திண்ணையில் வலை காயும், முற்றத்தில் கருவாடு காயும், அவற்றுக்கு நடுவே சித்தாலேப பூசிய முழங்காலை நீட்டிக்கொண்டு அம்மம்மா இருப்பா. 1990இல் சண்டை மறுபடி தொடங்கியபிறகு குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை, பொருளாதாரத் தடை என்று சொல்லி மண்ணெண்ணெய், பற்றரி, மெழுகுதிரி எதுவும் வராது, வந்தாலும் வாங்க ஏலாத விலை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அது நனைகிற அளவுக்கு எண்ணெய், மேலே ஒரு திரி என்று விளக்குச் செய்து, அதன் முன்னால் நாங்கள் தலை குனிந்து படித்தோம். அம்மம்மா யாகப்பர் கோயிலுக்குப் போய்ப் பூசை முடிந்தபின் பீடத்தடியில் வடிந்திருந்த மெழுகை ஒரு கரண்டிக் காம்பால் சுரண்டி, பழைய பால்மா ரின் ஒன்றில் சேர்ப்பா, கிழமைக் கடைசியில் அதை அடுப்பில் உருக்கி, பப்பாசித் தண்டில் நூலை இழுத்துப் பிடித்து ஊற்றி, கோணல்மாணலாகப் புதுத் திரி செய்வா. அந்தத் திரி செபமாலை முடியும் வரைக்கும்தான் எரியலாம், கடைசி அருள்நிறை மரியே முடியும்போதே அவவுடைய விரல்கள் எச்சில் தொட்டுத் தயாராக இருக்கும், ஆமென் சொன்ன மூச்சிலேயே திரி அணைந்துவிடும். பிறகு இருட்டு, அந்தப் புகை, அவவுடைய இருமல்.

தவக்காலத்தில் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் எரிய விடுவா. கதவைச் சாத்தி, யன்னலுக்குச் சாக்குக் கட்டி, அம்மப்பாவின் தமையன் ராகம் இழுத்து வியாகுலப் பிரசங்கம் என்ற பாடுகளின் புத்தகத்தை வாசிப்பார், பல்லில்லாத வாயில் சில எழுத்துகள் காற்றாகப் போய்விடும், ஆனாலும் கிழவிகள் அந்த இடத்தில் வரவேண்டிய சொல்லைத் தாங்களே போட்டுக்கொண்டு மூக்கைச் சிந்துவார்கள். அந்தப் புத்தகத்தை எழுதிய யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமி கோவாவிலிருந்து 1705இல் இலங்கைக்கு வந்தவர், கரையோரம் ஒல்லாந்தர் கையில் இருந்த காலம், கத்தோலிக்கப் பூசைக்குத் தடை, குருமாருக்கு இடம் கொடுத்தால் தண்டனை. அவருக்கு முன்னால் 1687இல் யோசேப்பு வாஸ் முனிவர் கூலிக்காரன் வேடத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்து, சில்லாலையில் ஒளிந்திருந்து, இரவில் வீடு வீடாகப் போய்க் கதவைச் சாத்திவிட்டுப் பூசை வைத்தார் என்று அந்தத் தாத்தா தான் பக்கத்தில் நின்று பார்த்தவர் போலச் சொல்வார். 2015 ஜனவரி 14 அன்று காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது நான் அந்தச் சனத்துக்குள் நின்றேன், கடற்காற்று, வெள்ளைக் குடைகள், ஒலிபெருக்கி, எல்லாம் பெரிதாகத்தான் இருந்தது, எனக்கு ஞாபகம் வந்ததோ சாக்குக் கட்டிய யன்னல்.

அம்மம்மாவைத் துணிவானவ என்று யாரும் சொல்லமாட்டார்கள். பொம்பர் இரைச்சல் தூரத்தில் கேட்டாலே அவவுக்குக் கை நடுங்கும், சேலைக் கொசுவத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எங்களுக்கு முதல் பங்கருக்குள் இறங்கி நிற்பா, உள்ளே செபம் சொல்லத் தொடங்கினால் மங்கள வார்த்தைகளின் பாதியில் சிக்கி அந்தப் பாதியையே திரும்பத் திரும்பச் சொல்வா. 1995 ஜூலை 9, வலிகாமம் மேற்கிலிருந்து இராணுவத்தின் முன்னேற்றத்துக்குப் பயந்து ஓடிவந்த சனம் நவாலியில் பேதுருவானவர் கோயிலிலும் சுற்றியும் தங்கியிருந்தது, கோயிலுக்குப் போடமாட்டார்கள் என்ற எண்ணம்தான் எல்லோரையும் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது, குண்டு அங்கேயே விழுந்து 100க்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகு எங்கள் ஒழுங்கையில் அந்த எண்ணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு நான் பூசைக்கு வரமாட்டேன் என்று வாசற்படியில் குந்திவிட்டேன், அம்மம்மா பயப்படாதே என்று சொல்லவில்லை, மாதா காப்பாற்றுவா என்றும் சொல்லவில்லை, அப்படிச் சொல்ல அவவுக்கே ஏலாமல் இருந்திருக்கும். "எனக்கும் பயமாத்தான் கிடக்கு, எழும்பு, நானும் வாறன்தானே" என்றா. அவவின் கை ஈரமாக இருந்தது, கோயில் வரைக்கும் விடவில்லை.

அந்த வருடம் ஒக்ரோபர் 30 இரவு, இராணுவம் நெருங்கி வர, யாழ்ப்பாணமே எழும்பி நடந்தது, மழை, சேறு, சைக்கிள்கள், நாவற்குழிப் பாலத்தில் முன்னும் போகமுடியாமல் பின்னும் போகமுடியாமல் சனம். அந்த நடையைப் பற்றி எழுதியவர்கள் நிறையப் பேர், நான் அதில் சேர்க்க ஒன்றும் இல்லை. தென்மராட்சி, கிளிநொச்சி என்று தங்கித் தங்கி நாங்கள் போய்ச் சேர்ந்த இடம் மடு. ஐ.நா. அகதிகள் அமைப்பு 1990 முதல் அங்கே ஒரு திறந்த நிவாரண நிலையத்தை நடத்தி வந்தது, கோயிலைச் சுற்றிய காட்டுக்குள் கிடுகும் நீலப் படங்குமாகக் கொட்டில்கள், இடையில் பாலையும் வீரையும் வானம் தெரியாமல் நிற்கும். பாலை பழுக்கிற நாட்களில் காடு முழுக்க இனிப்பு மணம், பழம் சின்னது, மஞ்சள், தின்னத் தின்ன அதன் பால் உதட்டில் ஒட்டிக்கொண்டு பேசவிடாது. அம்மம்மா தன்னுடைய சின்ன வயதில் ஆடித் திருவிழாவுக்கு மாட்டு வண்டிலில் வந்து இதே மரங்களுக்குக் கீழே கூடாரம் அடித்ததைச் சொல்லிச் சொல்லி, இந்தத் தடவையும் திருவிழாவுக்குத்தான் வந்திருக்கிறோம், முடியக் கொஞ்சம் நாள் பிடிக்கும் என்கிற மாதிரி நடந்துகொண்டா. கொட்டில் வாசலைச் சாணத்தால் மெழுகுவா, மருதமடு மண்ணைச் சின்னப் பொட்டலமாக முடிந்து பாம்புக்கென்று கூரையில் செருகி வைப்பா, காலையில் முகம் கழுவித் திருநீற்றுப் புதனன்றுபோலத் தலையில் முக்காடிட்டுக் கோயிலுக்குப் போவா.

மடு மாதாவின் கதையை நான் ஒழுங்காகக் கேட்டது அங்கேதான். மாந்தையில் இருந்த அந்தச் சுரூபத்தை, ஒல்லாந்தரின் கைக்கு அகப்படாமல், 1670ஆம் ஆண்டளவில் இருபது குடும்பங்கள் காட்டுக்குள் தூக்கிக்கொண்டு ஓடினார்கள் என்பது கோயிலின் மரபு. ஓடிவந்து ஒளித்து வைத்த இடம்தான் பிறகு நாடே வந்து கும்பிடும் இடமானது, தமிழரும் சிங்களவரும் ஆவணித் திருவிழாவுக்கு ஒரே காட்டில் உலை வைத்தார்கள். அம்மம்மாவுக்கு அந்தக் கதையில் பிடித்தது அற்புதங்கள் அல்ல, "அவவும் எங்களை மாதிரித்தான், வீடு வளவை விட்டிட்டு வந்தவ" என்பதுதான், அதைச் சொல்லும்போது ஒரு பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்கிற குரல். நாங்கள் கொழும்புக்கு வந்து சேர்ந்தபின் 1999 நவம்பரில் மடுக் கோயிலிலேயே ஷெல் விழுந்து, தஞ்சமிருந்தவர்களில் ஏறத்தாழ 40 பேர் செத்தார்கள். 2008 ஏப்ரலில் சண்டை மறுபடி கோயிலடிக்கு வந்தபோது குருமார் சுரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள், ஓகஸ்டில் திருப்பிக் கொண்டுவந்தார்கள். மூன்று நூற்றாண்டுக்குப் பிறகு மாதா இன்னொருமுறை இடம்பெயர்ந்தா என்று செய்தியில் பார்த்தபோது, அம்மம்மா கொட்டாஞ்சேனை அறையில் கட்டிலில் கிடந்தா, கண் தெரியவில்லை, ஆனால் காது நன்றாக இருந்தது. கேட்டுவிட்டுச் சிரித்தா. அடுத்த வருடம் சண்டை முடிந்தது, அவ அதற்குக் கொஞ்சம் முன்னதாகப் போய்விட்டா.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. நாங்கள் முதல்நாள் இரவே பாஸ்காப் பூசை கண்டுவிட்டதால் விடிந்தும் படுத்திருந்தோம், அம்மா மட்டும் எழும்பித் தேத்தண்ணி வைத்துக்கொண்டிருந்தா, ஒன்பதுக்குக் கால் மணி இருக்கும்போது யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அந்த ஓசையை அறியாத பிள்ளைகள் டிரான்ஸ்போமர் என்றார்கள், அம்மா ஒன்றும் சொல்லாமல் அடுப்பை நூர்த்துவிட்டுத் தரையில் இருந்துவிட்டா. குண்டுகள் வெடித்த இடங்கள் கொச்சிக்கடை அந்தோனியார், நீர்கொழும்பில் கட்டுவாப்பிட்டிச் செபஸ்தியார், மட்டக்களப்பில் சீயோன் தேவாலயம், கொழும்பில் மூன்று பெரிய ஹோட்டல்கள், பிறகு தெகிவளை, தெமட்டகொடை. 250க்கும் மேற்பட்ட உயிர்கள். சீயோனில் ஞாயிறு பாடசாலை முடிந்து வெளியே வந்து சிற்றுண்டி தின்றுகொண்டிருந்த பிள்ளைகள். அந்தோனியார் கோயில் மணிக்கூட்டின் முட்கள் 8.45இல் நின்றுவிட்டன. மறுநாள் கோயிலுக்குக் கிட்ட நின்ற வானுக்குள் இருந்த குண்டைச் செயலிழக்கச் செய்யப் போய் அதுவும் வெடித்தது, எங்கள் சந்தில் ஆட்கள் செருப்பில்லாமல் ஓடினார்கள். பத்து வருடமாக எங்கோ போயிருந்த அந்தப் பழைய பயம், விலாசம் மறக்காமல் வந்து எங்கள் வீட்டுக் கதிரையில் இருந்துவிட்டது.

நாடு முழுவதும் கோயில்கள் பூட்டப்பட்டன. அடுத்த ஞாயிறு, ஏப்ரல் 28, கர்தினால் மல்கம் ரஞ்சித் தன்னுடைய இல்லத்துச் சிற்றாலயத்தில் பூசை ஒப்புக்கொடுக்க, அதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை உடுப்பை உடுத்துக்கொண்டு, முன்கதவை உள்ளே தாழிட்டுவிட்டு, நாங்கள் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தோம், அம்மா முழந்தாளில். எப்போதும்போல அந்த ஞாயிறுக்கு உரிய நற்செய்தி யோவானின் 20ஆம் அதிகாரம், உயிர்ப்பு ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறில் ஆண்டு தவறாமல் வாசிப்பது, சிறுவயது முதல் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போன பகுதி. சீடர்கள் பயத்தில் கதவுகளைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிறார்கள், சாத்திய கதவைத் திறக்காமலே அவர் நடுவில் வந்து நிற்கிறார். இலங்கையில் ஒரு கோயில் கதவும் திறவாத ஞாயிறில் வேறு எதையும் தேடிப் பிடித்து வாசிக்க வேண்டியிருக்கவில்லை, நாட்காட்டியே அதை எடுத்து நீட்டியது. எனக்கு அன்றைக்குத்தான் இன்னொரு வரி கண்ணில் பட்டது, எட்டு நாளுக்குப் பிறகு தோமையாரும் இருக்கும்போது அவர் மறுபடி வருகிறார், அப்போதும் கதவு சாத்தித்தான் இருக்கிறது. அவரைக் கண்ணால் கண்ட பிறகும், ஒரு கிழமை சந்தோசப்பட்ட பிறகும், தாழ்ப்பாளை எடுக்க அவர்களுக்கு மனம் வரவில்லை, அவரும் அதற்காக ஒருவரையும் ஏசவில்லை. தோமையாரிடம் காட்டுவதற்குக் காயங்களைக் கொண்டுவருகிறார், உயிர்த்த உடம்பிலும் அவை ஆறாமல் இருந்திருக்கின்றன. கட்டுவாப்பிட்டியில் இரத்தம் தெறித்த உயிர்த்த ஆண்டவரின் சுரூபத்தைக் கழுவாமல் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள், முதலில் அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை, இப்போது அது அந்த நற்செய்திக்குச் சரியாகத்தான் இருக்கிறது என்று படுகிறது.

அந்த நாட்களில் எங்கள் சந்தில் ஒரு முஸ்லிம் நானாவின் கடை, பாண், முட்டை, சீனி விற்கிற சின்னக் கடை, குண்டு வெடிக்கச் செய்தவர்கள் இஸ்லாமியத் தீவிரவாதிகள் என்று தெரிந்தபின் சனம் அதைத் தாண்டி இரண்டு தெரு தள்ளிப்போய்ப் பாண் வாங்கத் தொடங்கியிருந்தது. ஒருவரும் சத்தம் போடவில்லை, கல்லெறியவில்லை, கண்ணை மட்டும் திருப்பிக்கொண்டு போனார்கள். மே 13 அன்று வடமேல் மாகாணத்தில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தது இப்படிக் கண்ணைத் திருப்பியதிலிருந்து ஒன்றும் அதிக தூரமில்லை. அம்மாவுக்கு அப்போது எழுபதுக்கு மேல். கதவைத் திறக்கவே பயந்துகொண்டிருந்தவ, ஒருநாள் காலையில் சேலையை மாற்றிக்கொண்டு, என்னையும் கூப்பிட்டு, நானாவின் கடைக்குப் போனா. நானாவின் கண் சிவந்திருந்தது, பாணைக் கடதாசியில் சுற்றிக் கொடுத்துவிட்டுக் காசு வேண்டாம் என்றார், அம்மா காசை எண்ணி மேசையில் வைத்துவிட்டு, "கடனுக்கு வாங்க வரேல்ல நானா, நாளைக்கும் வருவன்" என்றா. வீட்டுக்கு வந்து தண்ணீர் குடிக்கும்போது குவளை பல்லில் தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது. அது குருநகர் ஒழுங்கையில் என் கையைப் பிடித்த கைதான், ஒரு தலைமுறை இறங்கி வந்திருக்கிறது.

மே 12 ஞாயிறு கோயில்கள் மறுபடி திறந்தன, பை கொண்டுவராதீர்கள் என்றார்கள், துவக்கோடு கடற்படைக்காரர் நின்றார்கள். ஜூன் 12, திருவிழாவுக்கு முதல்நாள், அந்தோனியாரும் திறந்தார், புதுப் பூச்சு மணத்தை மெழுகுதிரி மணம் மூட ஒரு மாதம் பிடித்தது. அதற்குப் பிறகு நடந்தவை கொஞ்சம் கொஞ்சமாக உப்புக் குறைந்தவை. ஏப்ரல் 4 தொடங்கி இந்தியாவிலிருந்து எச்சரிக்கைகள் வந்தும் ஒருவரும் அசையவில்லை என்று தெரிந்தது, விசாரணைகள், அறிக்கைகள், 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கவேண்டும் என்று தீர்ப்பளித்தது, யார் செய்வித்தார்கள் என்ற கேள்வியைக் கர்தினால் வருடாவருடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார். ஏப்ரல் வந்தால் சுவரொட்டிகளில் நம்பிக்கை என்று பெரிய எழுத்தில் போடுகிறார்கள், பின்னணியில் ஒரு சூரிய உதயம். நம்பிக்கை என்றால் நினைக்காமல் இருப்பது என்ற மாதிரி அந்தச் சூரியன் எனக்குத் தெரியும். நீதி கேட்பதை விட்டுவிட்டால்தான் மன்னித்ததாக ஆகும் என்று சொல்கிற பிரசங்கங்களையும் கேட்டிருக்கிறேன், காயத்தைக் காட்டியவரின் பெயராலேயே அதைச் சொல்கிறார்கள்.

2024இல் பாஸ்கா இரவுக்கு மாற்குவின் முறை. பூசையில் 16ஆம் அதிகாரத்தின் ஏழாம் வசனத்தோடு நிறுத்திவிடுவார்கள், வெள்ளையுடுத்த இளைஞன் பெண்களிடம் போய்ச் சொல்லுங்கள் என்கிறான், அதோடு வாசகம் முடிந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்து அம்மா படுத்தபின் எட்டாம் வசனத்தை எடுத்து வாசித்தேன். அந்தப் பெண்கள் நடுங்கிக்கொண்டு கல்லறையை விட்டு ஓடுகிறார்கள், பயத்தில் ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை, மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் மாற்கு நற்செய்தி அந்த இடத்தோடு முடிந்துவிடுகிறது, மிச்சம் பிறகு யாரோ சேர்த்தது. இத்தனை பயத்தில் ஒரு நற்செய்தியை ஏன் முடித்தார் என்று வேத அறிஞர்கள் இன்றும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அறிவுள்ள விளக்கம் எதுவும் இல்லை, ஆனால் அந்தச் செய்தி கோவாக்காரச் சுவாமியின் புத்தகத்துக்கும், சாக்குக் கட்டிய குருநகர் வீட்டுக்கும், மடுக் காட்டுக்கும், கொட்டாஞ்சேனைத் தொலைக்காட்சிக்கும் வந்து சேர்ந்திருக்கிறது என்றால், அந்தப் பெண்களில் ஒருத்தி ஒருநாள் வாய் திறந்திருக்க வேண்டும். பயம் தெளியட்டும் என்று அவள் காத்திருந்திருந்தால் எங்கள் வீட்டுக் கிழவிகளுக்கு அழுவதற்கு ஒரு பிரசங்கமே இருந்திருக்காது. நடுங்கிக்கொண்டேதான் சொல்லியிருப்பாள்.